இரண்டு பாதியில் ஒரு மோரியன்: 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பியத் தலைக்கவசம் செய்யும் முறை

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோருக்கும் முகத்தை முழுக்க மூடி, கண்ணுக்கு ஒரு கீறல் மட்டும் விட்ட கவசம்தான் வேண்டியிருக்கிறது. அது அப்புறம் ஆகட்டும், முதலில் ஒரு மோரியன் செய்யுங்கள் என்பேன். தலையில் உயர்ந்த கொண்டை, முன்னும் பின்னும் படகு மாதிரி மேலே வளைந்து கூர்ந்த விளிம்பு. பழைய ஓவியங்களில் ஸ்பானிய வீரன் என்றாலே வரும் அந்தத் தலைக்கவசம்தான். அதில் கீல் கிடையாது, ஆடும் பாகம் கிடையாது. ஆனால் தகட்டை எங்கே நீட்டுவது, எங்கே சுருக்குவது, எங்கே தொடாமல் விடுவது என்கிற பாடம் முழுவதும் அதில் இருக்கிறது.

நான் வண்டி பாடியில் சொட்டை எடுத்துப் பழகியவன். அந்தக் கையோடு இந்த வேலைக்கு வந்ததால் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அலங்காரம் இல்லை, தகட்டின் கனம். இன்று விற்கிற நகல்கள் எல்லாம் ஒரே கனத்தில் அச்சடித்தது போல இருக்கும். நல்ல பழைய தலைக்கவசம் அப்படி இருக்காது. நெற்றியும் உச்சியும் கனமாக இருக்கும், பக்கமும் பின்புறமும் மெலிந்து வரும். அடி முன்னாலிருந்தும் மேலிருந்தும்தான் வரும். தூக்கிச் சுமக்க வேண்டிய கழுத்தோ ஒன்றுதான். அதனால் இரும்பை வேண்டிய இடத்தில் வைத்து வேண்டாத இடத்தில் குறைத்தார்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் முறையைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இதுதான்.

எந்த வகை, ஏன்

16ஆம் நூற்றாண்டில் புழங்கிய வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோரியனைச் சொல்லியாயிற்று. கொண்டை இல்லாமல், பாதாம் பருப்பு வடிவில் உச்சியில் ஒரு சின்னக் காம்பு பின்னோக்கி நீட்டியிருந்தால் அது கபசெட். நெற்றிக்கு மேல் முன்மறைப்பு, கன்னத்துக்குக் கீல் வைத்த தட்டுகள், பின்கழுத்துக்கு ஒரு மறைப்பு, ஆனால் முகம் திறந்திருந்தால் அது பர்கோனெட். முகமறைப்பும் தாடை மறைப்பும் கன்னப்பொட்டுக்குப் பக்கத்தில் ஒரே அச்சாணியில் சுழன்றால் அது மூடு தலைக்கவசம். அதற்கு முந்திய தலைமுறையான ஆர்மெட்டில் கன்னத் தட்டுகள் இரண்டும் பக்கவாட்டில் கதவு மாதிரித் திறந்து தாடையில் பூட்டும். 17ஆம் நூற்றாண்டில் வந்த குதிரைப்படைக் கவசத்தில் பின்கழுத்துக்கு இறால் வால் போல அடுக்குத் தட்டுகள் இருக்கும். அந்த வடிவம் உதுமானியத் துருக்கியரிடமிருந்து மத்திய ஐரோப்பா வழியாகப் போனது. 1642இல் தொடங்கிய ஆங்கில உள்நாட்டுப் போரில் முகத்துக்கு மூன்று கம்பி வைத்து அதையே போட்டார்கள்.

மோரியனை இரண்டு விதமாகச் செய்யலாம். ஒன்று, ஒரே தகட்டிலிருந்து கொண்டையோடு சேர்த்து எழுப்புவது. நல்ல பட்டறைகள் அப்படித்தான் செய்தன. இன்னொன்று, இடப் பாதி, வலப் பாதி என்று தனித்தனியாக அடித்துக் கொண்டையின் உச்சியில் இணைப்பது. 1600ஐ ஒட்டிப் படைகள் பெருத்து, ஆயிரக்கணக்கில் மலிவாகத் தேவைப்பட்டபோது இந்த இரண்டாவது முறை பரவியது. ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகர ஆயுதசாலைக் கட்டடம் 1642க்கும் 1645க்கும் இடையில் எழுந்தது. இன்றும் சுமார் 32,000 பொருட்கள் அங்கே இருக்கின்றன. அடுக்கடுக்காக வைத்திருக்கும் சாதாரணச் சிப்பாய்களின் கவசங்களைப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய உற்பத்தி வேலை என்பது புரியும்.

இரண்டு பாதி முறையை ஏமாற்று வேலை என்று சிலர் ஏளனம் செய்வார்கள். எனக்கு அந்தக் கருத்து இல்லை. தகட்டைக் குழிக்கும்போது மிக ஆழமான இடம்தான் மெலியும். ஒரே தகட்டைச் சும்மா குழித்துக்கொண்டே போனால் அந்த ஆழமான இடம் உச்சியில் விழும்; கனம் வேண்டிய இடமே மெலிந்துபோகும். அதைத் தவிர்க்க வெளியிலிருந்து அடித்துச் சுருக்கி எழுப்பத் தெரிய வேண்டும். கையில் வர நாளாகும். பாதிப் பாதியாகச் செய்தால் ஆழமான இடம் காதுக்கு மேலே பக்கவாட்டில் விழுகிறது. நெற்றியிலிருந்து உச்சி வழியாகப் பிடரி வரைக்கும் உள்ள நடுக்கோடு ஏறக்குறைய முழுக் கனத்தோடு நிற்கிறது. பழகாத கைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

அளவும் அட்டை மாதிரியும்

தலையின் நீளம், அகலம், சுற்றளவு மூன்றையும் எடுங்கள். அதோடு எல்லாப் பக்கத்திலும் சுமார் 2 செமீ இடைவெளி சேருங்கள். அந்த இடைவெளி உள்பஞ்சுக்கும் காற்றுக்கும். தலையோடு ஒட்டிய இரும்பு வாங்கிய அடியை அப்படியே மண்டைக்குக் கொடுத்துவிடும். 58 செமீ சுற்றளவுள்ள தலைக்குக் கவசத்தின் உள்நீளம் 23, உள்ளகலம் 19.5 செமீ அளவில் வரும். உள்சுற்றளவு 67 செமீ. பார்க்கப் பெரிதாகத் தோன்றும். பயப்பட வேண்டாம்; சிறிதாகச் செய்தால்தான் வம்பு.

கெட்டி அட்டையில் பக்கத் தோற்றத்தை முழு அளவில் வரையுங்கள். புருவத்துக்குச் சற்று மேலே அடிக்கோடு. அதிலிருந்து கிண்ணத்தின், அதாவது தலையை மூடும் குவிந்த பகுதியின், உயரம் 15 செமீ, அதற்கு மேல் கொண்டை நடுவில் 8 செமீ. கொண்டை முன்னும் பின்னும் படிப்படியாகத் தணிந்து கிண்ணத்தோடு கலக்கும். விளிம்பு முன்கூரிலும் பின்கூரிலும் 6 செமீ, பக்கத்தில் 4 செமீ. ஆக மொத்த நீளம் 35 செமீ, உயரம் 27 செமீ. அருங்காட்சியகங்களில் உள்ள பல மோரியன்கள் இந்த அளவை ஒட்டித்தான் இருக்கின்றன. எடை பெரும்பாலும் 1.3 முதல் 1.7 கிலோ. உங்களுடையது 2 கிலோவைத் தாண்டினால் தகடு கனமாகப் போய்விட்டது என்று பொருள்.

பக்கத் தோற்ற அட்டையின் மேல் குறுக்கு வெட்டு அட்டைகளை நான்கைந்து இடத்தில் செருகி, ஒரு பாதிக்கு எலும்புக்கூடு மாதிரி ஒட்டிக்கொள்ளுங்கள். அதன் மேல் காகிதப் பட்டைகளைப் பரப்பி, ஒவ்வொரு பட்டையின் நீளத்தையும் தகட்டில் குறியுங்கள். நடுவில் மேலிருந்து கீழாகக் கிண்ண வளைவு கிட்டத்தட்ட 20 செமீ, கொண்டை 8, விளிம்பு 4. இதோடு ஓரம் சுருட்ட 12 மிமீ. சுற்றிலும் ஒன்றரை செமீ உபரியாக விட்டு வெட்டினால் ஒரு பாதிக்கு 50 × 38 செமீ தகடு போதும். உபரியைப் பிறகு கத்தரிக்கலாம். குறைந்ததை ஒட்ட முடியாது.

இந்த எலும்புக்கூடு வேலை முழுவதும் உங்கள் கூடவே இருக்கட்டும். அடித்துக்கொண்டே போகும்போது கண் பழகிப்போய், கோணல் நேராகத் தெரிய ஆரம்பிக்கும்.

தகடும் கருவிகளும்

குளிர்முறையில் உருட்டிய மைல்டு ஸ்டீல், 1.6 மிமீ, அதாவது 16 கேஜ். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு வேண்டவே வேண்டாம். சூடு பட்டால் துத்தநாகப் புகை கிளம்பும். அதைச் சுவாசித்தால் காய்ச்சலில் படுக்க வேண்டியதுதான். காதுக்கு அடைப்பு, கண்ணுக்குக் கண்ணாடி, கையுறை. காதுக்கு அடைப்பு இல்லாமல் தகடு அடிக்கிற எவனுக்கும் கடைசியில் காது கேட்காது. டிங்கர் வேலையில் இருந்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

கருவி பெரிதாக ஒன்றும் தேவையில்லை. உறுதியான மரக்கட்டை, அதன் வெட்டுமுகத்தில் 12 செமீ அகலம், 3 செமீ ஆழத்துக்கு ஒரு குழி. உருண்டை முகம் உள்ள ஒரு கிலோ சுத்தியல் ஒன்று. மழுங்கிய குறுக்கு முகம் உள்ள சுத்தியல் ஒன்று. கண்ணாடி போலப் பளபளக்கத் தீட்டிய, லேசாகப் புடைத்த முகம் உள்ள 400 கிராம் சுத்தியல் ஒன்று. உள்ளே தாங்குவதற்குத் தலை உருண்ட ஒரு பட்டடை. பெரிய பால் பேரிங்கையோ உருண்டையான இரும்புக் குமிழையோ தடித்த கம்பியில் வெல்டு செய்தாலே போதும். புனித ரோமானியப் பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் இன்ஸ்ப்ரூக்கில் தன் கவசக்காரர் கொன்ராட் ஸ்யூசன்ஹோஃபரின் பட்டறைக்கு வருவதாக ஓவியர் ஹான்ஸ் பர்க்மையர் வரைந்த மரச்செதுக்கு அச்சுப் படம் ஒன்று உண்டு. அதில் இருக்கும் சுத்தியலும் பட்டடையும் இன்று என் பட்டறையில் இருப்பதிலிருந்து அதிகம் மாறிவிடவில்லை. ஒரு பெரிய வித்தியாசம், தகடு. அவர்களுக்கு ஒரே கனத்தில் உருட்டிய தகடு கிடையாது. உருக்கிய இரும்புக் கட்டியை நீர்ச்சக்கரம் ஓட்டும் சம்மட்டியில் அடித்துத் தட்டையாக்கினார்கள்; அதில் கசடு கோடு கோடாக இருக்கும். அந்தத் தகட்டில் அவர்கள் எடுத்த வளைவை நினைத்தால் நாம் சோம்பேறிகள்.

குழித்தல்

முதலில் கொண்டையாகப் போகும் பகுதியையும் விளிம்பையும் மார்க்கரில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு உள்ளே மட்டும்தான் குழிக்க வேண்டும். கொண்டைப் பகுதி இப்போதைக்குத் தட்டையாகவே நிற்கட்டும்.

தகட்டைக் குழியின் மேல் சற்றுச் சாய்த்துப் பிடித்து, வெளிக்கோட்டிலிருந்து உள்நோக்கிச் சுற்றுச் சுற்றாக அடித்து வாருங்கள். பலமாக அடிக்க வேண்டும் என்பதில்லை. ஒரே அளவாக, ஒரு அடியின் தடம் அடுத்ததன் மேல் பாதி ஏற வேண்டும். முதல் சுற்றிலேயே ஆழம் காண ஆசைப்பட்டு நடுவில் போட்டு அடித்தால் அங்கே தகடு மெலிந்து, கடைசியில் கிழியும். ஓரத்தில் அலை அலையாகச் சுருக்கம் எழும். அது எழுந்த உடனே பட்டடையில் வைத்துத் தட்டி அமுக்கிவிடுங்கள். சுருக்கம் மடிப்பாக மாறி ஒன்றின் மேல் ஒன்று படுத்துவிட்டால் அந்த இடம் வெடித்தே தீரும். உண்மையில் அந்தச் சுருக்கத்தை அமுக்குவதுதான் தகட்டைச் சுருக்குகிற வேலை. அப்படிச் சுருங்கிய இடத்தில் கனம் கூடும். நெற்றிப் பக்கத்துச் சுருக்கங்களை நான் அவசரப்படாமல், கொஞ்சமும் இழுக்காமல் உள்ளே அமுக்குவது அதனால்தான். அங்கே கிடைக்கும் கனம் இலவசம்.

இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை தகடு முறுக்கேறிவிடும். சுத்தியல் துள்ளும், ஓசை மேலேறிக் கணீரென்று கேட்கும். அப்போது உலையிலோ கேஸ் டார்ச்சிலோ மங்கிய செந்நிறம் வரும்வரை, சுமார் 700 டிகிரிக்குக் காய்ச்சி, தானாக ஆறவிடுங்கள். வெளிச்சத்தில் அந்தச் செந்நிறம் தெரியாது. நிழலில் வைத்துப் பாருங்கள்.

ஒரு பாதி ஆழத்துக்கு வந்ததும் அதை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்காதீர்கள். இரண்டையும் மாற்றி மாற்றி, ஒரு சுற்று இதில், ஒரு சுற்று அதில் என்று கொண்டு போங்கள். ஒரே கையில் இட வளைவும் வல வளைவும் ஒரே மாதிரி விழுவதில்லை. வலக்கைக்காரருக்கு ஒரு பாதி எப்போதும் பின்பக்கம் சற்றுத் தடித்து வரும். நடுநடுவே இரண்டையும் சேர்த்துப் பிடித்து அடிப்பக்கத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

கொண்டை

கிண்ணமும் கொண்டையும் சந்திக்கும் கோடுதான் மோரியனின் முகவெட்டு. அது கூர்மையாக, ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். மழுங்கிப்போனால் மொத்தமும் பொம்மைத் தொப்பியாகிவிடும்.

10 மிமீ தடித் தகட்டில் அந்த வளைவை வெட்டி, ஓரத்தை லேசாக உருட்டி வைஸில் பிடித்துக்கொள்ளுங்கள். பாதியின் வெளிப்பக்கம் அதில் படியும்படி வைத்து, உள்ளிருந்து குறுக்கு முகச் சுத்தியலால் கோட்டின் மேல் தட்டிக்கொண்டே போங்கள். கொண்டைப் பகுதி நிமிர்ந்து எழும், கிண்ணம் பக்கவாட்டில் சாயும். இரண்டு பாதியும் சேரும்போது கொண்டையின் அடிவாரத்தில் ஒன்றரை செமீ இடைவெளி இருந்து, மேலே போகப் போகக் குறுகி உச்சியில் இரண்டும் ஒட்ட வேண்டும். உள்ளே பொள்ளல்தான். வெட்டு மேலிருந்து வந்தால் கொண்டை நசுங்கும். வாளின் வேகம் அதில் தீர்ந்துபோகும். அதோடு, நடுக்கோட்டில் செங்குத்தாக ஒரு மடிப்பு நிற்பதால் கிண்ணமே விறைப்பாகிறது. மெல்லிய தகட்டை இவ்வளவு உறுதியாக்குவது அந்த மடிப்புதான். அழகுக்காக வைத்தது என்று யாராவது சொன்னால் கொண்டை வைத்த கிண்ணத்தையும் வைக்காததையும் கையால் அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இணைக்கும் முறை இரண்டு. பழைய முறையில் ஒரு பாதியின் கொண்டை ஓரத்தை 7 மிமீ அதிகமாக விட்டு, அதை மற்றப் பாதியின் மேல் மடித்து அடித்துப் படியவைத்து, முனைகளில் ரிவெட் போடுவார்கள். மடிப்பு உச்சியில் ஒரு தடிப்பாக ஓடும். அதைப் பார்த்தே இரண்டு பாதிக் கவசம் என்று கண்டுபிடித்துவிடலாம். எனக்கு இந்த முறைதான் பிடிக்கும். வெல்டிங் வேண்டாம், சூட்டில் தகடு கோணாது, பார்வைக்கும் காலத்துக்குப் பொருந்தும். முன்கூர், பின்கூர் விளிம்பில் மட்டும் உள்ளே ஒரு சின்னப் பட்டை வைத்து ரிவெட் அடிக்க வேண்டியிருக்கும்.

வெல்டிங்தான் செய்வேன் என்றால் நடுவிலிருந்து தொடங்கி 3, 4 செமீக்கு ஒரு பொட்டு, முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு போங்கள். ஒரே மூச்சில் ஓட்டினால் கொண்டை பாம்பாக நெளியும்.

சமன்படுத்துதல்

பொறுமை இல்லாதவர்கள் இந்த இடத்தில் கிரைண்டரை எடுப்பார்கள். எடுக்காதீர்கள். மேடு பள்ளமாக இருக்கும் தகட்டைத் தேய்த்துச் சமமாக்கினால் மேட்டில் உள்ள இரும்பு போய்விடும். நாம் இவ்வளவு நேரம் காப்பாற்றிய கனம் வீண்.

உருண்டைப் பட்டடையின் மேல் கவசத்தை வைத்து, தீட்டிய சுத்தியலால் வெளியிலிருந்து இலேசாகத் தட்ட வேண்டும். சுத்தியலுக்கும் பட்டடைக்கும் நடுவே தகடு சரியாக மாட்டினால் ‘டிக்’ என்று கெட்டியான ஓசை வரும். பொத்தென்று ஓசை வந்தால் அடியில் பட்டடை இல்லை என்று அர்த்தம், அந்த அடி பள்ளம் போட்டுவிடும். வண்டி வேலையில் செய்வது போலவே, மேற்பரப்பு முழுக்க மார்க்கர் மை பூசி, நைஸ் அரத்தை ஒருமுறை ஓட்டுங்கள். மை போன இடம் மேடு, மை நிற்கிற இடம் பள்ளம். பள்ளத்தை உள்ளிருந்து தட்டி எழுப்புங்கள். மெல்லிய துணிக் கையுறை போட்டு உள்ளங்கையால் தடவினால் கண்ணுக்குத் தெரியாத மேடும் கைக்குத் தெரியும். இந்தக் கட்டத்துக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதிக நேரம் பிடிக்கும். அது அப்படித்தான்.

விளிம்பு

விளிம்பைப் பக்கங்களில் கீழ்நோக்கியும் முன்பின் கூர்களில் மேல்நோக்கியும் திருப்ப வேண்டும். அடிக்கோட்டில் கிண்ணம் கோணாமலிருக்க, உள்ளே உருட்டிய ஓரமுள்ள இரும்பைத் தாங்கு கொடுத்து, வெளி ஓரத்தைக் குறுக்கு முகச் சுத்தியலால் நீட்டிக்கொண்டே திருப்புங்கள். வெளி ஓரம்தான் நீள வேண்டும். உள்கோட்டில் அடி விழக் கூடாது.

திருப்பியதும் எலும்புக்கூட்டோடு ஒப்பிட்டு உபரியைக் கத்தரித்து, 3 மிமீ கம்பியை உள்வைத்து ஓரத்தைச் சுருட்டுங்கள். 12 மிமீ விட்டிருக்கிறோம், கம்பியைச் சுற்றி வர அது போதும். கூர்முனையில் மட்டும் உபரியை V வடிவில் வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் அங்கே இரும்பு குவிந்து அசிங்கமாகும். சுருட்டிய ஓரத்தைக் கயிறு முறுக்கியது போலச் சாய்வாக அரத்தால் கீறுவது அந்தக் காலத்துப் பழக்கம். விருப்பம் இருந்தால் செய்யுங்கள். சாய்வுக் கோடுகள் இடப்புறமும் வலப்புறமும் ஒன்றுக்கொன்று எதிராகச் சாய்ந்து முன்கூரில் சந்தித்தால் பார்க்க நன்றாக இருக்கும்.

உள்பஞ்சும் ரிவெட்டும்

அடிக்கோட்டைச் சுற்றி 4 செமீக்கு ஒன்றாக 16 ரிவெட்கள். தண்டு 3 மிமீ. தகட்டுக்கும் தோல் பட்டைக்கும் அப்பால் நாலரை மிமீ நீட்டிக்கொண்டிருந்தால் நன்றாகத் தலை அடிக்கலாம். வெளியே பித்தளையில் பூ வடிவ வட்டு வைப்பது வழக்கம். மோரியனைச் சுற்றி வரிசையாகத் தெரியும் அந்தப் பூக்கள் அலங்காரத்துக்கு வந்தவை என்று தோன்றும், உள்ளே தோல் பட்டையைப் பிடித்திருப்பது அவைதான். இரண்டரை செமீ அகலப் பட்டையை உள்ளே சுற்றி ரிவெட் செய்து, அதன் கீழ் ஓரத்தில் லினன் துணித் தொப்பி ஒன்றைத் தைக்க வேண்டும். தொப்பி இரட்டைத் துணியில், துண்டு துண்டாகப் பிரித்து, உள்ளே கம்பளியோ குதிரை மயிரோ திணித்துத் தைத்தது. உச்சியில் துண்டுகளின் முனைகளைச் சேர்த்து ஒரு நாடா கோத்துவிடுங்கள். நாடாவை இறுக்கினால் கவசம் தலையில் உயரும், தளர்த்தினால் இறங்கும்.

தாடைப் பட்டை இல்லாமல் மோரியன் நிற்காது. கொண்டையால் எடை மேலே போய்விட்டது. குனிந்தால் கழன்று விழும். பக்கத்துக்கு ஒரு ரிவெட்டில் தோல் பட்டை, ஒரு பக்கிள், அவ்வளவுதான். பின்புறம் அடிக்கோட்டுக்குச் சற்று மேலே இறகு செருக ஒரு சின்னக் குழாய் வைக்கலாம்.

மேற்பூச்சு

சாதாரணச் சிப்பாய்களுக்குப் போன கவசங்கள் பல சுத்தியல் தடத்தோடு, துருப்பிடிக்காமல் இருக்கக் கறுப்புப் பூச்சோடு போயின. வேலை மிச்சம். நானும் முதல் கவசத்துக்கு அதைத்தான் சொல்வேன்: சூடாக்கி, லின்சீட் எண்ணெய் தடவி, மறுபடி சூடாக்கினால் கறுப்பு பிடித்துக்கொள்ளும். உள்பஞ்சு வைக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

பளபளப்பு வேண்டுமென்றால் 120இல் தொடங்கி 600 வரை எமரி தாள். செதுக்கோவியம் வேண்டுமென்றால் மெழுகோ பெயிண்டோ பூசிக் கீறி, அமிலத்தில் அரிக்கவிட வேண்டும். ஜெர்மன் பட்டறைகள் பின்னணியில் சின்னச் சின்னப் புள்ளிகள் நிற்கும்படி விட்டன. இத்தாலியர்கள் பெரும்பாலும் கோடுகளால் நிரப்பினார்கள். சாக்சனி இளவரசரின் மெய்க்காவலர்களுக்கு நியூரம்பர்க்கில் செய்த கறுப்பும் பொன்னுமான மோரியன்களில் பழைய ரோமானியக் கதைகளின் வீரர்கள் இருவர்: ஒரு பக்கம் முசியஸ் ஸ்கெவோலா நெருப்பில் கையை வைக்கிறான், மறுபக்கம் மார்கஸ் குர்ட்டியஸ் குதிரையோடு நிலப் பிளவில் பாய்கிறான். எஜமானுக்காக உயிரைக் கொடு என்று காவலாளியின் தலையிலேயே எழுதி வைத்த மாதிரி.

மைல்டு ஸ்டீலில் தோய்ச்சல் போட்டுப் பயனில்லை, கரி அதில் குறைவு. 1050 போன்ற கார்பன் ஸ்டீலில் செய்திருந்தால் 830 டிகிரிக்குக் காய்ச்சி எண்ணெயில் முக்கி, பிறகு நீல நிறம் வரும்வரை, சுமார் 300 டிகிரிக்கு மீண்டும் சூடாக்கிப் பதம் இறக்கலாம். காந்தம் ஒட்டாமல் போவது சுமார் 770 டிகிரியில். அதற்குச் சற்று மேலே போனால் சரி. ஆனால் முக்கும்போது கவசம் கோணும். கோணினால் அடித்து நிமிர்த்தவும் முடியாது. ஆக்ஸ்பர்க்கிலும் இன்ஸ்ப்ரூக்கிலும் கடினப்படுத்திய எஃகில் கவசம் செய்தவர்களின் திறமை இங்கேதான் இருக்கிறது. மிலானில் பொன் பூச்சு பெருகிய பிறகு கடினப்படுத்துவது குறைந்துபோனதற்கும் காரணம் உண்டு: பாதரசத்தில் கரைத்த பொன்னைப் பூசிச் சூடாக்கினால் ஏற்கெனவே போட்ட பதம் இறங்கிவிடும். அந்த மிலானில்தான் பிலிப்போ நெக்ரோலி 1543இல் தன் பெயரைப் பொறித்து ஒரு பர்கோனெட் செய்தார். கிண்ணமும் அதன் மேல் கொண்டையாகப் படுத்திருக்கும் கடற்கன்னியும் ஒரே தகடு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்து சுத்தியலைத் தொடக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

அடுத்து மூடு தலைக்கவசம் என்றால்

மோரியன் முடித்தவர்கள் கை அங்கேதான் போகும். அதில் கிண்ணம் அடிப்பதைவிடக் கடினமானது அச்சாணி வைக்கும் இடம். முகமறைப்பின் ஒவ்வொரு புள்ளியும் அச்சாணியை மையமாக வைத்து வட்டமாகத்தான் நகரும். பக்கத் தோற்றத்தை வரைந்து, கன்னப்பொட்டுப் பக்கம் அச்சாணியைக் குறித்து, காம்பஸை அங்கே ஊன்றி, முகமறைப்பின் மேல் விளிம்பிலிருந்து உச்சி நோக்கி ஒரு வில் போடுங்கள். கிண்ணம் அந்த வில்லுக்கு உள்ளே இருந்தால் மறைப்பு தடையில்லாமல் மேலே ஏறும். எங்காவது வெளியே பிதுங்கினால் அங்கே முட்டி நிற்கும். அச்சாணியைச் சற்று முன்னே, பின்னே நகர்த்தி மீண்டும் வில் போடுங்கள். கொண்டை உள்ள கவசத்தில் மேல் விளிம்பின் நடுப்பகுதி கொண்டைக்கு வழிவிட வேண்டும். தாடை மறைப்புக்கும் இதே சோதனை, அதே புள்ளியிலிருந்து.

இரண்டாவது விஷயம், அச்சாணியைச் சுற்றி ஐந்தாறு செமீ வட்டத்துக்குக் கிண்ணம், தாடை மறைப்பு, முகமறைப்பு மூன்றும் தட்டையாக, ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். அங்கே வளைவு இருந்தால் மறைப்பைத் தூக்கும்போது அது பக்கவாட்டில் விரிந்து துள்ளும். இட அச்சாணியும் வல அச்சாணியும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நீளமான கம்பியைக் கவசத்தின் குறுக்கே செருகிப் பாருங்கள். முதலில் 2 மிமீ துளை மட்டும் போடுங்கள். தற்காலிகமாக ஒரு ஆணியைச் செருகி, அட்டையில் வெட்டிய முகமறைப்பை ஆட்டிப் பார்த்து, எங்கும் உரசவில்லை என்று தெரிந்த பிறகு துளையை 6 மிமீக்குப் பெரிதாக்குங்கள்.